நண்டை வைத்துவிட்டுப் போனவள்

எங்கள் தோணிரேவு கோயிலில் யார் யார் பிரசங்கத்தை எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஞாயிறு பள்ளி டீச்சர் என்பதால் பக்கவாட்டு பெஞ்சில் உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் எல்லா முகங்களும் தெரியும். சிலர் கண்ணை மூடித் தியானம் செய்வார்கள்; குறட்டை வந்த பிறகுதான் அது தியானம் இல்லை என்று தெரியும். சிலர் எதற்கெடுத்தாலும் தலையாட்டுவார்கள். என்னைப் போன்றவர்கள் முடிந்ததும் வாசலில் போதகரிடம், "இன்னிக்கு ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பைச் சுடவைப்போம். பிரசங்கம் என்றால் அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடக்கிறது, யாருக்கும் ஒரு கேடும் வந்ததில்லை.

ராஜாத்தி மட்டும் கேட்டதைச் செய்துவிடுவாள்.

அவள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். புருஷன் சடையன் கூலிக்கு வலை இழுக்கப் போகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல், ஈரப் புடவையோடு வந்து கோயில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்பதுதான். கேட்டதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் நடத்திக் காட்டிவிடுவாள்.

இரண்டு உடை வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று போதகர் ஒருமுறை சொன்னார். ராஜாத்தியிடம் நல்ல புடவை இரண்டே இரண்டுதான் இருந்தது. மறுநாள் ஒன்று பக்கத்து வீட்டுக் கிழவி மேல் இருந்தது. பகைவரை நேசிக்க வேண்டும் என்று சொன்ன வாரம், தன்னைக் கடித்த நாயின் சொந்தக்காரர் வீட்டுக்கு நண்டுக் குழம்பு போயிற்று. அவர் அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று பயந்து தொடவே இல்லை. நாய்தான் சாப்பிட்டது. நான் அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். "ஐயா பொதுவா சொல்றாரு ராஜாத்தி, உன்னைப் பார்த்து சொல்லல." அவள் என்னை ஆச்சரியமாகப் பார்ப்பாள். "அப்ப யாரைப் பாத்து சொல்றாரு டீச்சர்?"

எனக்கு எரிச்சல்தான் வரும். இவள் ஒருத்தி இப்படி இருந்தால் மற்ற எல்லாரும் சும்மா இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறதே.

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அலங்காரப் பொறுப்பு என்னுடையது. எங்கள் ஊரில் அறுக்க வயல் ஏது? ஏரியும் கடலும் கொடுத்ததைத்தான் கொண்டுவருவோம். ஆராதனையில் எல்லாரும் வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன் வைப்போம். முடிந்ததும் ஏலம், ஏலம் முடிந்தால் பிரியாணி. ஒருத்தர் கருவாட்டுக் கூடை, ஒருத்தர் பூசணி, ஒருத்தர் சேவல். ராஜாத்தி கொண்டுவந்தது ஒரு சேற்று நண்டு. நண்டு என்றால் சாதாரண நண்டு இல்லை. தட்டில் வைத்தால் தட்டு தெரியவில்லை. கொடுக்கு ஒவ்வொன்றும் என் முன்கை மொத்தம். ஏரியில் சேற்றுக்குள் கைவிட்டு அவளே பிடித்தது. அழுக்கு நைலான் கயிற்றால் கொடுக்குகளை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

எனக்கு அந்தக் கயிறு பிடிக்கவில்லை. பீடத்தில் வெள்ளைத் துணி, தங்க நிற ஜரிகை, பூ, இத்தனைக்கும் நடுவே மீன் நாற்றமடிக்கும் பச்சைக் கயிறா? கயிற்றை வெட்டிவிட்டு, ரோஸ் நிற சாட்டின் ரிப்பனால் கட்டி, மேலே ஒரு பூவும் போட்டேன். ராஜாத்தி தயங்கினாள்.

"டீச்சர், ரிப்பன் வழுக்கும்."

"கோயிலுக்குள்ள அது எங்க போவப்போகுது? நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். சொன்னபடி கேட்கிற பிறவி.

போதகர் இளவயதுக்காரர், நன்றாகப் பேசுவார். அன்றைக்கு இன்னும் நன்றாகவே பேசினார். காணிக்கையைவிடக் கீழ்ப்படிதல் பெரிது என்று ஆரம்பித்து, கடைசியில் குரலை இறக்கிச் சொன்னார்: "இயேசுசாமி இன்னா சொல்றாரு? காணிக்கையோட பீடத்துக்கு வர்றே. அங்க வந்ததும், உன் பேர்ல உன் கூடப்பிறந்தவனுக்கு ஒரு மனக்குறை இருக்குன்னு ஞாபகம் வருது. இன்னா பண்ணணும்? காணிக்கையை அங்கேயே வுட்டுட்டுப் போ. மொதல்ல போய் அவனோட சமாதானமாகு. அப்புறம் வந்து காணிக்கை செலுத்து. இதுதான் கீழ்ப்படிதல்." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உருக்கமாகத்தான் இருந்தது.

பிறகு பாட்டு, ஊர்வலம். ராபர்ட் கீபோர்டில் வாசித்தான். கோயில் மணியடிப்பது முதல் காணிக்கைப் பை பிடிப்பது வரை எல்லா வேலையும் அவன்தான். வரிசை நகர்ந்தது. ராஜாத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள் நகரவில்லை. பின்னால் சேவல் வைத்திருந்தவர் முட்டிக்கொண்டு நின்றார். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. வெயிலில் நின்றவளுக்குத் தலை சுற்றியது மாதிரி இருந்தது. குனிந்து தட்டைப் படிக்கட்டில் வைத்தாள். திரும்பினாள். நடு வழியாகக் கோயிலைவிட்டு வெளியே போய்விட்டாள்.

வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எனக்குத்தான் பகீரென்றது. இவள் பிரசங்கத்தைச் செய்யப் போகிறாள்!

அதே நேரம் ரிப்பன் அவிழ்ந்தது.

நண்டு தட்டிலிருந்து இறங்கியதை முதலில் பார்த்தது சேவல். அது கத்தியபோதுதான் மனிதர்கள் பார்த்தார்கள். என் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு, தலையில் பூவோடு, கொடுக்கு இரண்டையும் விரித்தபடி நண்டு பாடகர் குழுவைப் பார்த்து நடந்தது. சோப்ரானோ பாடுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு உயரத்தில் பாடியதில்லை. போதகர் நாற்காலி மேல் ஏறி, அங்கி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "டீச்சர், ராஜாத்தியக் கூப்டுங்க! ஜல்தி!"

நான் ஓடினேன். எனக்கும் ஓட்டத்துக்கும் வெகுதூரம், ஆனாலும் ஓடினேன். துறையில் சகாதேவனின் பைபர் போட்டில் ராஜாத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். சகாதேவன் கோட்டைக்குப்பத்துக்காரர். கிறிஸ்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பசியாவரம் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போவார். நான் அவளைப் பிடித்து இழுக்கப் போட்டுக்குள் ஒரு காலை வைத்தேன்.

"ராஜாத்தி, இறங்கு. நண்டு அவுத்துக்கிச்சு. ஐயா நாற்காலி மேல நிக்கிறாரு."

"பசியாவரத்துல என் தங்கச்சி கிட்டப் போறேன் டீச்சர். போய்ட்டு வந்து புடிக்கிறேன்."

"நண்டைப் புடிச்சிட்டுப் போயேன்!"

"மொதல்ல போனு சொல்லிச்சே சாமி. மொதல்லனா மொதல்லதானே."

"டீச்சர், ஒரு காலு கரையில ஒரு காலு போட்டுலனா கவுந்துடும்" என்றார் சகாதேவன். "எங்கனா ஒரு பக்கம் வாங்க." வெளியே எடுக்க வேண்டிய காலை உள்ளே எடுத்துவிட்டேன். மோட்டார் கிளம்பிவிட்டது. பண்டிகைப் பட்டுப்புடவையோடு, செருப்பு ஒன்று கரையில் ஒன்று காலில் என்று நான் ஏரி நடுவே போய்க்கொண்டிருந்தேன்.

காற்று நன்றாக அடித்தது. அது என் கோபத்தை ஆற்றவில்லை. தேவியை எனக்குத் தெரியும். ராஜாத்தியின் தங்கை, பசியாவரத்தில் கட்டிக்கொடுத்தவள். இருவரும் ஒரே வரிசையில் நின்று இறால் பிடித்தவர்கள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் தேவி கையில் திருக்கை முள் ஏறியது. மீனிலேயே பொல்லாதது திருக்கை. சேற்றோடு சேறாகப் படுத்திருந்து வாலால் குத்திவிடும். தேவியின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே போய்விட்டன. கூடப்பிறந்த அக்காவே தன்னை எச்சரிக்காமல் விட்டுவிட்டாள் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். யாரும் நம்பவில்லை. ராஜாத்தியையா? ஒரு வார்த்தைக்காகப் புடவையைக் கழற்றிக் கொடுப்பவளையா? நானே எத்தனையோ பேரிடம், பாவம் ராஜாத்தி, இப்படியொரு தங்கை, என்று சொல்லியிருக்கிறேன்.

"சண்டை போட்டது அவ. பழி போட்டது அவ" என்றேன். "நீ எதுக்கு சமாதானம் பேசப் போற? நீ மன்னிச்சிட்டேனு இங்கேயே ஜெபம் பண்ணா போதாதா?"

ராஜாத்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் கத்தல டீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"வரிசையில போகச்சொல்ல காலுலயோ கையிலயோ திருக்கை பட்டுச்சுனா 'முள்ளு'னு கத்தணும். யாருக்குப் பட்டாலும் கத்தணும். எல்லாரும் அப்டியே நின்னுடுவாங்க. அதான் எங்க சட்டம். அன்னிக்கு என் கையில அது வழவழனு பட்டுச்சு. பறி நெறைய இறாலு. பறிக் கயித்தைப் பல்லுல கடிச்சிகினு இருந்தேன்."

நான் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் பறி தாடைக்குக் கீழே நிற்கும். வாயைத் திறந்தால் போயிற்று, பறி சாய்ந்து இறால் எல்லாம் ஏரிக்கே திரும்பிவிடும்.

"அன்னிக்கு வூட்ல ஒண்ணும் இல்ல. வாயைத் தொறந்தா அவ்ளோ இறாலும் பூடும். அது அந்தாண்ட போய்டும்னு நெனைச்சி நான் மட்டும் ஒதுங்கிட்டேன். எனக்கு அடுத்தவ தேவி." "அப்புறம் எல்லாரும் கேட்டாங்க. கத்தினேன், காத்துல கேக்கலனு சொல்லிட்டேன். நம்பிட்டாங்க. நீங்ககூட நம்பினீங்களே."

சகாதேவன் மோட்டாரை நிறுத்திவிட்டார். வேண்டுமென்று நிறுத்தினாரா, கை தளர்ந்து நின்றுபோனதா தெரியவில்லை. ஏரியில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் போட் தண்ணீரில் சும்மா ஆடியது. பிறகு அவர் மோட்டாரை மறுபடி இழுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. "மூணு வருஷமா கோயிலுக்கு வர்ற. இதை இவ்ளோ நாளா..."

"எல்லாம் செஞ்சேன் டீச்சர். ஐயா சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். இதை மட்டும் யாரும் சொல்லல. இன்னிக்கு சொல்ட்டாங்க."

அந்தக் கிழவியின் மேல் இருந்த புடவையும், நாய் தின்ற குழம்பும் எனக்கு அப்போதுதான் விளங்கின. ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்திருக்கிறாள். பாவி மகளே, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது.

இந்த நேரத்தில்தான் ராபர்ட் போன் செய்தான். "டீச்சர், நண்டு மாட்டிக்கிச்சு! காணிக்கைப் பையை முன்னால விரிச்சுப் புடிச்சேன், அதுவே உள்ள நடந்து வந்துடுச்சு. ஐயா கீழ எறங்கிட்டாரு." சகாதேவன் சிரித்தார். ராஜாத்திகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஏரியில் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாக வரும்போல.

பசியாவரம் கரையில் இறங்கியதுமே தேவி தெரிந்தாள். அன்றைக்கு வந்த இறாலைப் பெரிசு, சிறிசு என்று இடது கையால் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் மடங்காமல் போன பிறகு அவளுக்குக் கரை வேலைதான். கொஞ்ச தூரத்தில் ஏரிக்குள், அக்காவும் தங்கையும் முன்பு சேர்ந்து நின்ற அதே வரிசைப் பெண்கள் குந்தி நகர்ந்துகொண்டிருந்தார்கள். தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

தேவி எங்களைப் பார்த்தாள். ராஜாத்தியிடம் பேசவில்லை. என்னிடம் பேசினாள்.

"இன்னாம்மா, சடையன் பொண்டாட்டி எங்க வந்துது?"

ராஜாத்தி அவள் எதிரே மணலில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. என்னிடம் விட்டிருந்தால் முதலில் குழந்தைகள் சௌக்கியமா என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் இழுத்திருப்பேன். "தேவி, அன்னிக்கு நான் கத்தல. கையில பட்டுச்சு, தெரிஞ்சுது, கத்தல. பறி சாஞ்சிடும்னு கத்தல. உன் கையை நான்தான் கெடுத்தேன்" என்றாள்.

தேவி இறாலைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. பெரிசு இந்தப் பக்கம், சிறிசு அந்தப் பக்கம். பிறகு கேட்டாள், "இதைச் சொல்லத்தான் பட்டுப்புடவை டீச்சரம்மாவ இஸ்த்துகினு வந்தியா?"

"சாமி போகச் சொல்லிச்சு."

"எந்த சாமி? நம்ம கன்னியம்மாவா, உன் புது சாமியா?"

"என் சாமி."

"சாமிய மாத்திட்டா செஞ்சது மாறிடுமா?" தேவியின் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நீ கத்தலனு எனக்குத் தெரியும். பக்கத்துல நின்னவ நான். எனக்கு எதுக்கு இப்ப வந்து சொல்ற? எனக்குத் தெரியாத சங்கதியா? நீ பொய் சொன்னது அவங்க கிட்ட." மடங்காத விரலால் ஏரியைக் காட்டினாள். "கூடப்பிறந்தவ மேலேயே பழி போடுறானு என்னை ஒதுக்கினாங்க பாரு, அவங்க கிட்ட. இடது கையால புடிக்க மாட்டேனா நானு? எவ என் பக்கத்துல நின்னா? அவங்க கிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் என் மூஞ்சியப் பாரு."

எனக்கு இது அதிகம் என்று பட்டது. வந்தாயிற்று, சொல்லியாயிற்று, அழுதாயிற்று. சொன்னதும் கட்டிக்கொண்டால் அடுத்த போட்டில் ஏறிப் பிரியாணி நேரத்துக்குப் போய்விடலாம். அதோடு அந்தப் பெண்கள் கூட்டத்தில் சொன்னால் இனி ராஜாத்தியை எவள் வரிசையில் சேர்ப்பாள்? அவள் பிழைப்பே அதுதானே. "ராஜாத்தி, நீ வந்து சொல்லிட்ட. அது போதும். மீதிய ஆண்டவர் பாத்துப்பாரு" என்று அவள் காதோடு சொன்னேன்.

"சமாதானமாகுனு சொல்லிச்சு டீச்சர். சொல்லிட்டு வானு சொல்லல" என்றாள் ராஜாத்தி. எழுந்தாள். இருந்த ஒரே நல்ல புடவையோடு ஏரிக்குள் இறங்கினாள்.

தண்ணீர் முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறியது. வரிசை அவளைப் பார்த்து நின்றது. அவள் நடுவே நின்றுகொண்டு, கரையில் இருந்த எனக்கே கேட்கும்படி சொன்னாள். தான் கத்தவில்லை, கத்தினேன் என்றது பொய், தேவி சொன்னதுதான் நிஜம், என்று மூன்றையும் சொன்னாள்.

யாரும் பதில் பேசவில்லை. பேச முடியாது. எல்லார் பல்லிலும் பறிக் கயிறு. கயிற்றைக் கடித்த வாயோடு அத்தனை பெண்களும் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்படியொரு மௌனத்தை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. நான் ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வரிசைக்கு மூத்தவளான தெய்வநாயகி தன் பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணை நாங்க இன்னா இன்னா பேசினோம், நீயும் கம்முனு கேட்டுகினு இருந்தியேடி!" என்றாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் கரையைப் பார்த்துத் திரும்பினாள். "தேவி, நாங்க பேசினது தப்பு. வா, எறங்கு. இன்னிக்கு என் பக்கத்துல நில்லு. இவ வேணாம்னா சொல்லு, இப்பவே கரை ஏத்தி வுட்டுடுறேன்."

தேவி எழுந்தாள். பிறகு குடிசைக்குள் போனாள். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டு பறிகளோடு வெளியே வந்தாள். ஏரிக்குள் இறங்கினாள். தண்ணீர் பட்டதும் ஒருகணம் நின்றாள். பயம் இருக்கத்தானே செய்யும். பிறகு நேராக ராஜாத்தியிடம் போய் ஒரு பறியை அவள் மார்பில் தள்ளினாள்.

"நான் இவ பக்கத்துலதான் நிப்பேன்" என்றாள் தெய்வநாயகியிடம். "கத்துறாளா இல்லையானு நான் பாக்கணும்."

வரிசை மறுபடி குந்தியது. நகர்ந்தது. என் போன் அடித்தது. இந்தத் தடவை போதகர்.

"டீச்சர், ராஜாத்தி எங்க? ஏலத்தை ஆரம்பிக்கலாமானு கமிட்டி கேக்குது. எல்லாருக்கும் பசி. நண்டை மொதல்ல ஏலம் வுட்டுடலாமா?"

"காணிக்கைய அங்கேயே வுட்டுட்டுப் போ, அப்புறம் வந்து செலுத்துனு சொன்னீங்களே ஐயா. அவ இன்னும் வந்து செலுத்தல."

பாவம், இளவயதுக்காரர். பிரசங்கம் பண்ணினவர் மேலேயே பிரசங்கம் விழும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். "எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் மெல்ல. தெரியாது என்றேன். "சரி. காத்துகினு இருக்கோம்" என்றார். பின்னால் யாரோ பிரியாணி ஆறுதே என்று கத்துவது கேட்டது. அந்த மனிதர் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

வெயில் ஏறியது. சகாதேவன் போட்டைவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கும் போக மனமில்லை. அன்றைக்கு நல்ல பாடு; கைவிட்ட இடமெல்லாம் இறால். ராஜாத்தியின் கை தண்ணீருக்கும் பறிக்குமாகப் போய்ப் போய் வந்தது. பறி கனத்துத் தாழ்ந்தது. தேவி இடது கையால் தடவிக்கொண்டு அவளுக்கு அடுத்து வந்தாள். கண் மட்டும் அக்காவின் வாயைவிட்டு அகலவில்லை. அவளும் கயிற்றைக் கடித்திருந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். அதற்குமேல் நெருங்கவும் இல்லை.

திடீரென்று ராஜாத்தி நின்றாள். அவள் கழுத்து விறைத்தது. நான் சகாதேவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"முள்ளு!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். வரிசை கல்லாய் நின்றது. அவள் வாயிலிருந்து விழுந்த பறி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவு நேரம் பிடித்த இறால் மொத்தமும் வழிந்து, துள்ளி, தண்ணீருக்குள் போனது. அவள் பறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்துத் தேவியை மறித்துக்கொண்டு, "முள்ளு, முள்ளு, முள்ளு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். எல்லாரும் எப்போதோ நின்றுவிட்டார்கள். அவள்தான் நிறுத்தவில்லை.

தெய்வநாயகி கம்பால் சேற்றைக் குத்திப் பார்த்தாள். கலங்கலில் நிஜமாகவே திருக்கை வழுக்கிக்கொண்டு போனதா, வெறும் சிப்பியா, யாருக்கும் தெரியவில்லை. ராஜாத்தியின் பறி காற்றில் அலைந்து விலகிப் போய்க்கொண்டிருந்தது.

தேவி அதைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு கயிற்றைக் கடித்திருந்த வாயைத் திறந்தாள்.

"அக்கா, போதும். பறியப் புடி, மெதந்து போவுது."

அதைச் சொன்ன நேரத்தில் அவள் பறியும் கவிழ்ந்தது.